பொய் படிக்காத பிள்ளைகள்

முரசுமோட்டையில் வீரகத்தியின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை என்பது ஊருக்கே வேடிக்கை. பள்ளிக்கூடம் ஒன்றும் தூரத்தில் இல்லை. மணி அடித்தால் அவர்கள் குசினிக்குக் கேட்கும். கேட்டதும் வீரகத்தியின் மனைவி பத்மாசனி அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பின் விறாந்தைக்கு வருவாள். பிள்ளைகள் இரண்டும் பாயில் வந்து குந்தும். பள்ளிக்கூடம் வேண்டாமென்றவர்கள் அதன் மணியை மட்டும் சும்மா எடுத்துக்கொண்டார்கள் என்று பக்கத்து வளவு அப்புத்துரை சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு நவராத்திரியோடு வந்த வினை இது. மூத்தவன் நெகேமியாவை அந்த வருடம்தான் முதலாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். வாணி விழாவன்று அவன் கையில் அவலும் கடலையும், வாயில் சரஸ்வதி பாட்டுமாக வீடு வந்து சேர்ந்தான். வீரகத்தி அவலைக் கோழிக்கு வீசினார். அடுத்த நாள் பிள்ளையை வீட்டில் மறித்துவிட்டார். அவர் பெயரே பிள்ளையாரின் பெயர். சபைக்கு மாறியபோது ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டர் அவருக்குத் தீத்து என்று நல்லதொரு பெயர் வைத்தும் ஊரில் ஒரு வாய்கூட அப்படிக் கூப்பிடவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்திருக்கலாம். விக்கிரகத்துக்கு முன் கைகூப்பிப் படிக்கிற படிப்பு என் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சபையில் எழும்பி நின்று சாட்சி சொன்னார். சொன்னது அவர், படிப்பிக்க வேண்டியது பத்மாசனி.

ஆனால் அவள் அதைப் பாரமாக எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பிடித்தே இருந்தது. பழைய பற்றரிக்குள் இருந்த கரியையும் ஊமத்தம் இலையையும் அரைத்துப் பூசி ஒரு பலகையைக் கரும்பலகை ஆக்கினாள். காலையில் வேதத்திலிருந்து சங்கீதம் ஒன்று பாடமாக்க வேண்டும், பிறகு எழுத்து, பிறகு கணக்கு. இடையில், பிந்திப் பிறந்த கைக்குழந்தை அழுதால் மடியில் போட்டுப் பால் கொடுத்தபடியே வாய்ப்பாடு கேட்பாள். அடுத்தவள் கெத்சியா பள்ளிக்கூட வாசலையே காணாதவள். அவளோ தமையனுக்குச் சொல்லிக் கொடுப்பதைப் பக்கத்திலிருந்து களவாகப் பிடித்து, அவனுக்கு முன்னரே விடை சொல்லிவிடுவாள். அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது பத்மாசனிக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கணக்குப் பாடம் மட்டும் விமலியுடையது. விமலேஸ்வரி பத்மாசனியின் ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அக்காவே கதி என்று வந்து சேர்ந்தவள். புளியங்கொட்டையைப் பரப்பி அவள் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் சாப்பாட்டையும் மறந்துவிடும். அவள் சபைக்கு வரவில்லை. தன் பெட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவில் விபூதி வைத்திருந்தாள். வீரகத்திக்கு அது தெரியும். தெரியாததுபோல இருந்தார். காணாததுபோல இருப்பது பொய்க்குள் சேராது போலும்.

பொய்தான் அந்த வீட்டில் பெரும் பாவம். விளக்கு வைத்ததும், செபத்துக்கு முன்னால், ஒவ்வொருவரும் அன்று செய்த பிழையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அடியில்லை. சீனியைக் களவாக அள்ளித் தின்றதற்கு அடியில்லை, தின்னவில்லை என்று சொன்னால்தான் அடி. "உள்ளதை உள்ளதெண்டும் இல்லாததை இல்லையெண்டும் சொல்லவேணும்" என்று வீரகத்தி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய்துவைக்கிற ஊரில் இப்படி ஒரு வீடு. ஒருமுறை பாஸ்டர் வந்து நீண்ட செபம் செய்து முடித்ததும் கெத்சியா எழும்பி, "பாஸ்டர், நீங்கள் செபிக்கேக்கை அம்மா நித்திரை" என்று சொன்னாள். பத்மாசனிக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாஸ்டர் சிரித்து, பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவர் போன பிறகு பத்மாசனியும் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தது தானே என்ற பெருமை அவளுக்கு.

ஊர்ப் பிள்ளைகள் வேறு பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை பிடிக்க வீட்டுக்கு ஓராள் இயக்கத்துக்கு வரவேண்டும் என்று சட்டம்போல வந்த காலம் அது. வளர்ந்த பிள்ளைகளைத் தாய்மார் பரணிலும் பற்றையிலும் ஒளித்தார்கள். யார் வந்து கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சின்னதுகள் பள்ளிக்கூட வேலியோரம் ஒன்றுக்கொன்று சொல்லிக் கொடுத்துக் கைதேர்ந்துவிட்டன. அண்ணாவா, கலியாணம் முடித்துப் பூநகரிக்குப் போய்விட்டார். அக்காவா, அப்படி ஒருவரும் எங்கள் வீட்டில் இல்லை. கண்ணும் வெட்டாமல் சொல்லிவிடும். அந்த வேலியோரம் வீரகத்தியின் பிள்ளைகள் நின்றதே இல்லை.

விமலிக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் அந்த வயதில் வேறொருவரும் இல்லை. அவளைக் காப்பாற்ற வேண்டும், அதைத் தவிரப் பத்மாசனிக்கு அப்போது வேறு நினைவே இல்லை. சோறு இறங்காது. சைக்கிள் சத்தம் கேட்டால் ஆள் பிடிக்க வருகிறார்களோ என்று வாசலுக்கு ஓடிப் பார்ப்பாள்.

"ஒளிக்கிறது பொய்யோ?" என்று அவள் புருசனைக் கேட்டாள்.

வீரகத்தி வேதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். பிறகு யோசுவாவின் ஆகமத்தில் ராகாபைக் கண்டுபிடித்தார். ஒற்றர் இரண்டு பேரை அவள் வீட்டின்மேல் சணல் தட்டைக்குள் மறைத்து வைத்தாள், கர்த்தர் அவளைக் குற்றவாளி ஆக்கவில்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோல் போர் இருந்தது. அதன் அடியைக் குடைந்து ஓராள் முடங்க இடம் செய்தார்.

"ராகாப் ஒளிச்சு மட்டும் வைக்கேல்லை. தேடி வந்தவைக்குப் பொய்யும் சொன்னவள்" என்றாள் பத்மாசனி.

"அது வேறை" என்று சொல்லி அவர் வேதத்தை மூடிவிட்டார்.

அந்தக் கிழமை பிள்ளைகளுக்கு ராகாபின் கதையையே பாடமாக வைத்தார். சணல் தட்டையைச் சொன்னார், சிவப்பு நூலைச் சொன்னார், எரிகோவின் மதில் விழுந்ததையும் சொன்னார். அவள் சொன்ன பொய்யை மட்டும் விட்டுவிட்டார். பத்மாசனி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இவர் விட்டதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் அரிசி களைகிற தண்ணீரோடு போய்விட்டது.

இரண்டாயிரத்து எட்டு ஆடி மாதம், பிள்ளைகள் பாயிலிருந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் இயக்கத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். இரண்டு பெண்களும் ஒரு ஆளும். வீரகத்தி வயலில். சைக்கிள் சத்தத்துக்கே விமலி வைக்கோலுக்குள் போய்விட்டாள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் பார்த்தார்கள், அறைக்குள் பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே குனிந்தும் பார்த்தார்கள்.

"தங்கச்சி எங்கையக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

பத்மாசனி வாயைத் திறந்தாள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவள் சொன்ன முதல் பொய் அது. "அவள் மல்லாவிக்குப் போயிட்டாள். போன கிழமையே போயிட்டாள்."

குரல் நடுங்கவில்லை. வந்தவள் தலையை ஆட்டிவிட்டுப் படியில் கால் வைத்தாள். அவ்வளவுதான், போயிருப்பார்கள்.

கெத்சியா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அம்மா பொய் சொல்லமாட்டா. அம்மா சொன்னது பிழையாக இருந்தால் அதற்கு ஒரே காரணம்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

"இல்லையம்மா. சித்தி வைக்கலுக்கை இருக்கிறா. காலமையும் நீங்கள்தானே தண்ணி குடுத்தனீங்கள். மறந்துபோனீங்களோ?"

விமலி வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் வைக்கோல். அவள் அழவில்லை. பிள்ளையைப் பார்த்து, "ஒண்டுமில்லையடா குஞ்சு" என்று மட்டும் சொன்னாள். பத்மாசனி அந்தப் பெண்களின் காலில் விழுந்தாள். அதில் ஒருத்தி அவளைத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டவளுக்கும் விமலியின் வயதுதான் இருக்கும். படலை தாண்டும்வரை தங்கையின் தலையில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை எடுத்துவிட வேண்டும் என்றே பத்மாசனிக்குக் கை துடித்தது.

கெத்சியாவை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. உண்மை சொன்ன பிள்ளையை அடிக்க அந்த வீட்டில் வழி ஏது? அன்று விளக்கு வைத்ததும் வீரகத்தி முழங்காலில் நின்றார். அன்றைய பிழையைச் சொல்லும்படி ஒருவரையும் கேட்கவில்லை. பத்மாசனி செபத்துக்கே வரவில்லை. ஆண்டவரே, என் கையாலேயே என் பிள்ளையை வளர்த்து, அதன் வாயாலேயே என் தங்கையைப் பிடுங்கினீரே என்று அவளுக்கு ஆற்றாத கோபம். கரும்பலகை பிறகு அடுப்புக்குப் போனது.

மார்கழி கழிய, ஆமி கிட்ட வந்துவிட, ஊரே எழும்பி ஓடியது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன? வயல், மாடு, வைக்கோல் எல்லாம் விட்ட இடத்திலேயே கிடக்க, தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே கிழக்கே போனார்கள். விமலியைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. கடைசியில் கடற்கரை மணலில் ஒரு தரப்பாள் கூடாரத்தின் கீழ் வந்து கிடந்தார்கள். செல் விழுந்து வெடித்தபோதெல்லாம் மணலில் தோண்டிய பங்கருக்குள் நால்வரும் கைக்குழந்தையோடு நெருங்கி முடங்கினார்கள். அங்கேதான் அந்தக் கதை வந்தது. ஆமியின் பக்கம் போனால் இயக்கத்தில் ஆள் இருந்த குடும்பத்தைப் பிரிப்பார்களாம், தகப்பன்மாரைத் தனியே கொண்டு போவார்களாம். மெய்யோ பொய்யோ, ஆருக்குத் தெரியும். பத்மாசனி நம்பினாள். போனவள் போய்விட்டாள், இருக்கிறதையாவது காப்பாற்ற வேண்டும்.

மாதக் கணக்கில் நின்றிருந்த பாடத்தை அவள் பங்கருக்குள் மறுபடி தொடங்கினாள்.

"கெத்சி, உனக்கு எத்தினை சித்தி?"

"ஒண்டு."

"இல்லை. உனக்குச் சித்தி இல்லை. சொல்லு."

பிள்ளை தகப்பனைப் பார்த்தது. வீரகத்தி முகத்தை மண் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆண்டவரைத் தெரியாதெண்டு பேதுரு சொன்னது பாவமெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

"அது வேறை. சொல்லு."

கெட்டிக்காரப் பிள்ளை. எதையும் இரண்டுதரம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. படத்தைக் காட்டினாலும் இல்லை, பெயரைச் சொன்னாலும் இல்லை, அழுதுகொண்டு கேட்டாலும் இல்லை. நெகேமியா தடுமாறினான், அவள் தடுமாறவில்லை. சரியாகச் சொன்னபோது பத்மாசனி மடியில் முடிந்து வைத்திருந்த சீனியில் ஒரு கிள்ளு கொடுத்தாள். தான் படிப்பித்ததிலேயே நன்றாகப் பதிந்த பாடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து அருவருத்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

சித்திரையில் சனத்தோடு சனமாகத் தண்ணீருக்குள்ளால் நடந்து ஆமியின் பக்கம் போனார்கள். பஸ்ஸில் ஏற்றிப் பிறகு ஒரு வெட்டை வெளியில் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வீரகத்தி அந்தப் பக்கம் போய்விட்டார். ஒரு நாளென்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியுங்கள் என்று ஒலிபெருக்கி தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள்ளால் ஒரு குரல் வந்தது.

"அக்கா!"

பத்மாசனி திரும்பினாள். கழுத்தளவில் வெட்டிய தலைமுடி. ஆரோ கொடுத்த, உடம்பில் நிற்காத சட்டை. முகம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. விமலி. உயிரோடு. இரண்டு சீருடைப் பெண்கள் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கூட மொழிபெயர்க்க ஒருவன்.

"தலைமயிரைப் பாத்து இயக்கமோ எண்டு மறிச்சம். தன்ர அக்கா குடும்பத்தோட வந்தனான் எண்டு சொல்லுது. உங்கட ஆளோ?" என்று அவன் பத்மாசனியிடம் கேட்டான். கேட்டுவிட்டு, என்ன நினைத்தானோ, கையைக் காட்டி அவளை மறித்தான். "நீங்கள் சொல்லாதேங்கோ. பிள்ளை சொல்லட்டும். பிள்ளையள் பொய் சொல்லாது."

குனிந்து, நல்ல மாதிரியாகத்தான் கேட்டான். "தங்கச்சி, இவா உங்கட சித்தியோ?"

கெத்சியாவின் கண் ஒருமுறை விரிந்தது. பிறகு அவள் படித்ததைப் படித்தபடியே சொன்னாள்.

"எங்களுக்குச் சித்தி இல்லை."

இப்போது பத்மாசனி சொல்லியிருக்கலாம். இவள் என் தங்கை, பிள்ளைக்கு நான்தான் பொய் பழக்கினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கைக்குழந்தை இடுப்பில் கனத்தது. ஆண்கள் வரிசையில் வீரகத்தியின் முதுகு தெரிந்தது. ஒலிபெருக்கி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். மொழிபெயர்க்கிறவன் அவளைப் பார்த்தான். விமலியும் அவளைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி அக்காவைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள்.

"ஆள் மாறிப்போச்சு" என்றாள் விமலி. "இவா எங்கட அக்காமாதிரி இருந்தவா. இவையை எனக்குத் தெரியாது."

அவளைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏற்றினார்கள். உள்ளே இருந்த எல்லாரும் முடி வெட்டிய பெண்கள். பஸ் நகரத் தொடங்கியபோதுதான் பத்மாசனிக்குக் குரல் வந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டு, விமலி, விமலி என்று நெஞ்சு வெடிக்கக் கத்திக்கொண்டு ஓடினாள். யன்னலோரம் நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். விமலி பார்க்கவில்லை. காது கேளாமல் இல்லை, கேட்டது. திரும்பினால் அக்கா தெரிந்தவள் ஆகிவிடுவாள் என்று, முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடியே போனாள்.