கேப்டன் தூக்கிய கை

நடுவர் விசில் ஊதியதும் கேப்டனின் வலது கை தானாக மேலே போகும். தவறு செய்தவர் கையைத் தூக்கி ஒப்புக்கொள்வது அப்போது கூடைப்பந்தில் வழக்கம். நாங்களெல்லாம் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஈ ஓட்டுவதுபோல் இறக்கிவிடுவோம். அவர் மட்டும் கடைசி வரிசை ரசிகனுக்கும் தெரிகிற மாதிரி தூக்கி நிற்பார். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை அணிக்கு நாங்கள் ஒப்பந்தச் சம்பளத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். கேப்டன் ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கூடை போடுவது என் வேலை, அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு. எதிரணி பந்தோடு வரும்போது நான் மூச்சு வாங்கிக்கொள்வேன். நான் மறிக்க வேண்டிய ஆள் சுலபமாக என்னைத் தாண்டி ஓடுவான். உடனே கேப்டன் தன் ஆளை விட்டுவிட்டு அவன் குறுக்கே வந்து நிற்பார். அவர் விட்டுவந்த ஆளை இன்னொருவர் பிடித்துக்கொள்வார். "உன்னத் தாண்டிட்டான்னா அவன் அஞ்சு பேர் பொறுப்பு மாமு. ஆனா வாயத் தொறந்து கத்து, அப்பத்தான் நான் வர முடியும்" என்பார். நான் கத்த மாட்டேன். கத்தினால் அவன் என்னைத் தாண்டிவிட்டான் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே!

எங்களில் ஒருவருக்கு வேலை நிரந்தரம், இறுதி ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அன்று என் ஆள் திரும்பத் திரும்ப என்னைத் தாண்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. என் குரல் கேட்காததால் கேப்டன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக வந்து மோதினார். விசில் ஊதும், அவர் கை மேலே போகும். ஐந்து தவறானால் ஆட முடியாது; ஐந்தாவது தவறோடு அவர் வெளியேறியபோது, "பெர்சு, வூட்டுக்குப் போ" என்று கூட்டம் கூச்சலிட்டது. கடைசியில் நான் போட்ட கூடையில் ஜெயித்தோம். பரிசளிப்பு முடிந்ததும் அதிகாரி ஒருவர், "பைனல்ல இப்படியா பவுல் பண்ணுவீங்க?" என்று கேப்டனைக் கேட்டார். பக்கத்தில் நின்ற நான் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. கேப்டனும் என் பெயரை எடுக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது.

அவர் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன வாரம் நெடுஞ்சாலையில் என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஓடிப்போய் அவர் பக்கம், சாலையிலேயே நின்றேன். "பைனல்ல கூடை போட்டு ஜெயிக்க வச்சவன் இவந்தான். இன்னா ஆட்டம் தெர்யுமா!" என்று பின்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் பெருமை பேசினார். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"கேப்டன், அன்னைக்கு உங்களைத் தாண்டி யாருமே போகல. அத்தனையும் என் ஆளு. நான் கத்தவும் இல்ல."

"தெர்யும்டா," என்றார் சிரித்தபடி. "தெரிஞ்சுதான வந்தேன்."

பின்னாலிருந்து ஒரு கண்டெய்னர் லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. சாலையை அடைத்துக்கொண்டு நின்றது நான்தான். நான் ஒதுங்குவதற்குள், ஆட்டோவுக்கு வெளியே கேப்டனின் வலது கை உயர்ந்துவிட்டது.