ஆன்டெனா இடம் மாறிய கதை

எங்கள் பெரியப்பா கச்சிராயபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அணைத் தண்ணீரை நம்பியும் கிணற்றை நம்பியும் கரும்பு வைத்தவர்களின் மோட்டார்கள் ஓயாமல் எரிந்துகொண்டிருந்ததால் எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் அவருடைய மனசு கடையில் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் மூங்கில் சிம்பும் இரும்புக் கம்பியும் வளைத்து ஒரு பெரிய கிண்ணம் கட்டி, உள்பக்கம் நெருக்கமான கம்பி வலையை இழுத்து முடுக்கி, வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்திருந்தாரே, அங்கேதான் இருந்தது. சென்னையிலிருந்து யார் யாரையோ பிடித்து வரவழைத்த ஒரு பெட்டியை அதனோடு இணைத்து, அந்த ஆன்டெனாவால் செயற்கைக்கோளைப் பிடித்து, எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் ருஷ்யாக்காரர்களின் படத்தைக் கொண்டுவந்தார்.

முதலில் சிரிக்க வந்தார்கள். பிறகு பார்க்க வந்தார்கள். சாயங்காலமானால் தோட்டம் நிறைந்துவிடும். யாருக்கும் புரியாத மொழியில் ஒருவர் செய்தி படிப்பார். பனியில் பெண்கள் சறுக்கிக்கொண்டு போவார்கள். ஊர்க்காரர்கள் பெஞ்சிலும் துவைக்கிற கல்லிலும் உட்காருவார்கள். காலனிக்காரர்கள் பின்பக்கப் படலைத் திறந்துகொண்டு வந்து வாழைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காருவார்கள். அப்படி உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யார் எதைக் கேட்டாலும் பெரியப்பாவுக்குச் சந்தோஷம்தான். காலனியிலிருந்து கரும்புக்குக் களை வெட்ட வரும் அஞ்சலை ஒருநாள் கேட்டாள்.

"ஏங்க, அங்க ஒரே பனியா கெடக்குதே, அவங்கல்லாம் இன்னா பயிரு வெப்பாங்க?"

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. தனக்குத் தெரியவில்லை என்றும் பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார். அதன்பிறகு பல நாள் அந்தப் படத்தில் ஒரு வயலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம்தான் எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் வந்தது. சாலையோரத்துப் புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எங்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. பெரியப்பாவும் மறியலுக்குப் போனார். படித்துவிட்டு வேலை இல்லாமல் திரியும் பிள்ளைகளுக்காக என்று சொல்லி, வெயிலில் உட்கார்ந்து, கழுத்தெல்லாம் கறுத்துத் திரும்பினார். ஆனால் அந்தச் சூட்டிலேயே ஊருக்கும் காலனிக்கும் பேச்சு முறிந்தது. எங்கேயோ குடிசைகள் எரிந்ததாகச் சொன்னார்கள். அஞ்சலை களை வெட்ட வருவது நின்றது. படம் பார்க்க மட்டும் சிலர் பயந்து பயந்து படலைத் திறந்து வந்தார்கள்.

ஒருநாள் காலையில், மாமா முறை ஆகிற ஒருவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மறியல்ல எங்க பக்கத்துலதான குந்திக்கினு இருந்த? வூட்டுல மட்டும் இன்னா அவங்களோட?"

"படம் பாக்க வர்றாங்க. பாத்துட்டுப் போறாங்க."

"இனிமே அந்தப் படலத் தாண்டி எவனாவது வந்தான்னா, கஷ்டம் அவனுக்குத்தான். உனக்கு இல்ல."

அவர்கள் போன பிறகு பெரியப்பா ஆன்டெனாவை ஒரு சுற்று சுற்றி வந்தார். சாப்பிடும்போது, தென்னை மரம் மறைக்கிறது, பம்பு செட்டுப் பக்கம் மாற்ற வேண்டும் என்றார். மரம் வேலியோரம் இருந்தது. ஆன்டெனா நேரே உச்சி வானத்தைப் பார்த்தது. இருந்தாலும் நான் நம்பினேன். பெரியம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

எங்கள் பம்பு செட்டு இருந்த நிலம் ஊரும் இல்லை, காலனியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. அவ்வளவு பெரிய கிண்ணத்தை முழுதாகத் தூக்க ஆள் வேண்டும். ஊரில் யாரும் வரவில்லை. அஞ்சலையின் புருஷன் மட்டும் படலுக்கு வெளியே நின்று, தான் வந்து ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டார். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ வராத. போ" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு மரியாதை தெரியாதவரா என்று நினைத்தேன்.

ஆன்டெனாவைத் துண்டு துண்டாகப் பிரித்தார். அவர் இரும்பைச் சுமந்தார்; பெரியம்மா வலையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்; நானும் தம்பியும் மூங்கில் சிம்புகளை வரப்பில் இழுத்துக்கொண்டு போனோம். கடைக்கு மோட்டார் வருவது குறைந்திருந்தது. எரிந்த மோட்டார்களை ஊர்க்காரர்கள் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அதனால் இந்த வேலைக்கு நேரம் கிடைத்தது என்றார் பெரியப்பா. இதெல்லாம் எதற்கு என்று அப்பா அவரிடம் கோபித்துக்கொண்டார். பூட்டி நிமிர்த்தி, டிவியையும் பெட்டியையும் அங்கே கொண்டுவந்து வைத்த பிறகும் வெறும் புள்ளிகள்தான் இரைந்தன. மழை ஒருமுறை ஆன்டெனாவைத் தாங்கிய கம்பத்தைச் சாய்த்தது. மறுபடி குழி தோண்டி நட்டார். கையெல்லாம் வலை கிழித்த கோடுகள். கேட்டவர்களுக்கெல்லாம், "வரும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சாயங்காலம் படம் வந்தது. உர மூட்டைச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்த ஒரே நீள விரிப்பை விரித்துவிட்டுக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் தினமும் விரித்தார், தினமும் சுருட்டினார்.

பிறகு ஒருநாள், புல்லுக்கட்டோடு போன அஞ்சலை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இன்னொரு நாள், வீட்டுக்கு வந்து மிரட்டிய அதே மாமா, தண்ணீர் மடை பார்க்க வந்தவர்போல மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றார். வரப்பில் நிற்பவரை ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. ஒவ்வொருவராக இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள். விரிப்பின் இந்த முனையில் ஊர்க்காரர்கள் சிலர், வாய்க்காலைத் தாண்டி வந்து அந்த முனையில் காலனிக்காரர்கள் சிலர் உட்கார்ந்தார்கள். நடுவில் வெறும் சாக்கு.

படம் மங்கலாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்து, ஆட்களும் வந்த நேரத்தில் இப்படியா? படம் சரியாகத் தெரியாமல் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்கள்; டிவி நடுவில் இருந்ததால், முன்னால் நகர்ந்தவர்கள் நடுவுக்குத்தான் வந்தார்கள். மாமாவும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து குந்தினார். பெட்டியின் குமிழ் பெரியப்பாவின் விரலுக்கு அடியிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"பெரியப்பா, கொஞ்சம் திருப்புங்க, தெளிவாயிடும்" என்று அவர் காதில் சொன்னேன்.

"இரு. இன்னும் கொஞ்சம் கிட்ட வரட்டும்" என்றார்.

செயற்கைக்கோளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன்.