வனஜாவின் நெற்றியில் ஒரு வட்டம்

தவமணியின் புருஷன் ஸ்ரீஸ்கந்தராஜா பகலில் துறைமுகக் குமாஸ்தா. மாலையில் வனஜாவைப் பெற்றவர். வனஜா, பினாங்குத் தமிழ்ப் பெண்களை வருஷக்கணக்காகக் கிறங்கடித்த காதல் படக்கதையின் நாயகி. மாதம் ஒரு இதழ், கப்பித்தான் பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்தில் காஜா மொய்தீனின் அச்சகத்திலிருந்து வரும். ஒவ்வொரு இதழிலும் கல்யாணம் நெருங்கும். கடைசிப் பக்கத்தில் தட்டிப்போகும். தாலி ஏறினால் வியாபாரம் படுத்துவிடும் என்று காஜாவுக்குத் தெரியாதா என்ன.

அச்சு கறுப்பில்தான். நெற்றியில் மட்டும் ஸ்ரீஸ்கந்தராஜா சின்னதாக ஒரு வட்டம் போட்டு விடுவார். சிவப்பு மை அதில் வந்து உட்காரும்.

ஜப்பான்காரன் வந்தான். கிடைத்த சிவப்பு மையெல்லாம் அட்டையில் அவன் கொடிச் சூரியனுக்கே போயிற்று. பொட்டில்லாத வனஜாவை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? தவமணிதான் குங்குமத்தைக் கஞ்சியில் குழைத்து, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு பிரதிக்கும் பொட்டு வைத்தாள்.

பிறகு ஒருநாள், இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி, ஆண்களை லாரியில் ஏற்றினார்கள், சயாமில் ரயில் பாதை போட. ஸ்ரீஸ்கந்தராஜாவும் பக்கத்து வீட்டு முத்தம்மையின் புருஷனும் அதில் போனார்கள். இதழ் நிற்கவில்லை. பழைய படக் கட்டைகளையே மாற்றி மாற்றி அடுக்கி, காஜா புது வசனம் எழுதினார். கதை கண்ட இடத்துக்குப் போனது. யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு காலையில் முத்தம்மை தன் பிரதியோடு வந்தாள்.

"அக்கா, பொட்டு போயிருச்சு. தாள்ல ஒரு துளி செவப்புகூட இல்ல."

கஞ்சி சரியில்லை என்று சமாதானம் சொல்லி, தவமணி வேறு பிரதி கொடுத்தாள். மறுநாள் அதுவும் வெறிச்சென்று இருந்தது. அந்த வாரமே, சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் முத்தம்மை வாசலில் தலைகுனிந்து நின்றான்.

தவமணி அன்றே தன் பிரதியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடியில் போட்டாள். பார்த்தால்தானே தெரியும்? அவள் பார்க்கவே இல்லை.

சண்டை முடிந்து அவர் வந்துவிட்டார். எலும்பும் தோலுமாக, ஆனால் அவரேதான். அதே மச்சம், அதே இருமல். தவமணி அழுது தீர்த்தாள். தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தினாள். பயம் விட்டுப்போன தைரியத்தில் பெட்டியைத் திறந்து, அந்த இதழைப் பிரித்தாள்.

நெற்றியில் பொட்டில்லை. சுற்றிய துணியிலும் குங்குமம் ஒட்டியிருக்கவில்லை.

கூடத்தில் அவர் அடுத்த இதழுக்கு வனஜாவை வரைந்துகொண்டிருந்தார். கண், மூக்கு, பின்னல் எல்லாம் அச்சு அசல் அவர் கை. நெற்றியில் மட்டும் ஒன்றும் இல்லை.

"வட்டம் எங்க?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பிரியமாகவே பார்த்தார்.

"என்ன வட்டம்?"

அவள் மரவள்ளிக்கிழங்கு அவித்து அவர் முன்னால் வைத்தாள்.

வனஜா அதற்குப் பிறகும் பல வருஷம் வந்தாள். சிவப்பு மை தாராளமாகக் கிடைத்த காலத்திலும் புதுப் படங்களில் அந்த வட்டம் திரும்பவில்லை; தவமணியேதான் கையால் பொட்டு வைத்தாள். குங்குமம் குழைத்ததும் முதலில் தன் நெற்றியில் வைத்துக்கொள்வாள். வைக்கலாமா கூடாதா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.