கைப்பிடிக்குள் ஒரு கம்பி

பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் பல்லக்கா. வீட்டில் சுண்டு. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பாள். ஆனால் “உனக்கு எதுக்கு வாள்?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் சட்டென்று சிவந்துவிடும். அந்த வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்காத வாயே இல்லை.

ஆசை வந்த கதை சாதாரணமானது. ஒரு விடுமுறை நாளில் அவளும் கணவரும் மழைக்கு ஒதுங்க அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார்கள். டிரைவிங் ஸ்கூலில் வாரம் முழுக்க அடுத்தவர்களின் கிளட்சோடு மல்லுக்கட்டுகிற மனிதர் அவர். பெஞ்சைக் கண்டதும் உட்கார்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அவள் மட்டும் உள்ளே சுற்றி வந்து ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றாள். உள்ளே ரோமானியப் போர்வீரனின் வாள். துருப்பிடித்து, விளிம்பெல்லாம் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்து கிடந்தது. அவள் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வைத்துப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம்தான் நீளம் கூட.

“இவ்வளவு குட்டையா?” என்று அங்கிருந்த காவலாளியிடம் கேட்டாள்.

“தோளோட தோள் ஒட்டி நின்னு சண்டை போடுறவங்களுக்கு இதுதாம்மா தோது. நீளமா இருந்தா பக்கத்துல இருக்கறவன் மேலயே படுமே.”

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. அவள் பிழைப்பும் அப்படித்தான். டாக்டரின் முழங்கைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில், ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாயும் மறு கையில் கருவித் தட்டுமாக நின்று நின்றே அவளுக்கு வயசாகிவிட்டது. பல்லில் படிந்த காரையைச் சுரண்டுகிற கொக்கிக் கருவிகளைக் கல்லில் தீட்டுவதும் அவள் வேலைதான். கூர்மை என்பது அவள் விரல்களுக்குத் தெரிந்த பாஷை. அந்த வாள் புதிதாக இருந்தபோது கையில் எடுத்தால் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு அன்று உள்ளே போனது, வெளியே வரவில்லை.

கடைத்தெருவில் அலங்காரச் சாமான் கடை ஒன்று உண்டு. பித்தளை உலக உருண்டை, கப்பல் சக்கரத்தில் பதித்த கடிகாரம், அதற்கு மேலே வரிசையாக வாள்கள். ‘ரோமானிய வீரர்கள் ஏந்தியது போன்ற அசல் போர்வாள்’ என்று பெரிய எழுத்தில் பலகை. கடைக்காரர் தங்க ஃபிரேம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாளை எடுத்துக் கொடுத்தார்.

“விளையாட்டுச் சாமான்னு நெனச்சிடாதீங்க மேடம். ஒரே போடு, ரெண்டு துண்டு.”

“விளிம்பு மழுங்கலா இருக்கே?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான். வீட்ல தீட்டிக்கலாம். தீட்டத் தீட்டத்தான் மேடம் இதோட அருமையே தெரியும்.”

ஆசை ஆசையாக வாங்கி வந்தாள். வீட்டில் நாத்தனார் வந்து தங்கியிருந்த நேரம் அது. பொட்டலத்தைப் பிரித்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“சுண்டு, என்ன இது? பொம்பளைக்கு எதுக்கு வாள்?”

“பிடிச்சிருந்தது அண்ணி, வாங்கினேன்.”

“பிடிச்சிருந்தா? தம்பி, நீயாவது கேக்கமாட்டியா?”

கணவர் பேப்பருக்குள் தலையை இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவளுக்கு முதலில் சுருக்கென்றது. அந்த வீட்டுப் பரணில் கணவரின் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறெதையும் அது சுட்டதில்லை. நாத்தனார் வீட்டுக்காரர் விதவிதமாக வேட்டைக் கத்தி வாங்கி அடுக்கியிருக்கிறார். அவர் பிடித்தது அதிகபட்சம் சளி. அவர்களிடம் எதுக்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஆண் வாங்கினால் பொழுதுபோக்கு, இவள் வாங்கினால் மட்டும் விசாரணை!

சாணை பிடிக்கிறவரிடம் கொண்டுபோனால் அங்கேயும் அதே கதை. அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“வீட்ல ஏதும் பிரச்சினையாம்மா? வீட்டுக்காரர் குடிப்பாரா?”

“அவர் காபிகூடச் சக்கரை இல்லாமதான் குடிப்பார். நீங்க தீட்டுவீங்களா மாட்டீங்களா?”

“கத்தின்னா கொடுங்க, கத்தரின்னா கொடுங்க. இது நமக்கு வேண்டாம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்டதான் வந்து நிப்பாங்க.”

வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். மனசுக்குள் இவளை ஒரு கொலைகாரியாகவே ஆக்கி முடித்துவிட்டாரே அந்த மனுஷர்! தீட்டத் தெரியாதவளா அவள்? மறுநாளே சொரசொரப்பான கல் ஒன்றும் வழவழப்பான கல் ஒன்றும் வாங்கினாள். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் ஈரத்துணி விரித்து உட்கார்ந்துவிடுவாள். விளிம்பில் கறுப்பு மார்க்கரால் கோடு இழுப்பாள். கல்லில் தேய்க்கும்போது மை எங்கே அழிகிறது என்று பார்த்தால் சாய்வு சரியா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் பிசிறு எழும்பிவிட்டதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பாள். எழும்பினால் திருப்பிப் போடுவாள். கடைசியில் கணவரின் பழைய தோல் பெல்ட்டில் முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுவாள். வாரக்கணக்கில் நடந்தது இந்த வேலை. மேஜையில் சாப்பிட இடமில்லை என்று நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

ஒரு சாயங்காலம் பேப்பரை அந்தரத்தில் பிடித்து வாளை அதன் மேல் வைத்தாள். சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெட்டிப் பார்க்கலாம் என்று பழைய பேப்பர்களைச் சுருட்டித் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டூல் மேல் நிறுத்தி, “எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு ஓங்கி ஒரு வீச்சு வீசினாள்.

கையில் கைப்பிடி மட்டும் இருந்தது.

அலகு கழன்று பறந்து, நாத்தனாரின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, பிரிட்ஜ் கதவில் போய்க் குத்தி நின்று ஆடியது. நாத்தனார் அழுதார், கணவர் கத்தினார். அவள் ஓடிப் போனாள். “அண்ணி, அடிபடலையே? எங்கயும் படலையே?” என்று நாத்தனாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்குள் வீசியது தன் முட்டாள்தனம்தான் என்று அவரிடம் மன்னிப்பும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் தனியாகக் கழன்ற கைப்பிடியை எடுத்து உள்ளே பார்த்தாள்.

வாளின் அலகு மெலிந்து, வால் மாதிரி கைப்பிடிக்குள் நீண்டு, அடியிலுள்ள குமிழ் வரைக்கும் போக வேண்டும். அலகைக் கைப்பிடியோடு பிடித்திருப்பதே அந்த வால்தான். இதில் வாலே இல்லை. பேனா ரீஃபில் பருமனில் ஒரு கம்பியை அலகின் அடியில் பற்றவைத்து, அதன் முனையில் குமிழைத் திருகியிருந்தார்கள். அந்தப் பற்றவைப்புதான் விட்டுப்போயிருந்தது.

“பாத்தீங்களா? இதை நம்பித்தான் ஒரே போடு, ரெண்டு துண்டுன்னான் அந்த ஆளு!”

“விட்டுத் தொலை சுண்டு” என்றார் கணவர். “குப்பையில போடு.”

அவளா விடுவாள்? மறுநாள் அலகைப் பழைய போர்வையில் இறுக்கிச் சுற்றிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். விளிம்பைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

“தீட்டியிருக்கீங்களே மேடம்! இது செவுத்துல மாட்டுற அழகுப் பொருள். இதைப் போய் யாராவது தீட்டுவாங்களா?”

“நீங்கதானே தீட்டிக்கலாம்னு சொன்னீங்க!”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே.”

மனுஷர் கண் இமைக்காமல் சொன்னார். அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆனது. ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை, முகத்துக்கு நேரே நின்று இப்படிச் சொல்கிறாரே! சுவரில் மாட்டியிருந்த ஒரு வாளை எட்டி எடுத்தாள். குமிழைத் திருகினாள், கைப்பிடியை உருவினாள், உள்ளே இருந்த கம்பியைக் கடையில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினாள்.

“பாருங்க! நல்லாப் பாருங்க! இதுக்குப் பேரு போர்வாளாம்!”

அடுத்ததை எடுத்தாள். அதிலும் கம்பிதான். அதற்கடுத்ததிலும் கம்பிதான். மகளின் பள்ளி நாடகத்துக்கு வாள் வாங்க வந்த ஒருவர், கையிலிருந்ததை மெதுவாகக் கவுண்டரில் வைத்துவிட்டு நழுவினார். “கைய வைக்காதீங்க, போலீஸைக் கூப்பிடுவேன்!” என்று கடைக்காரர் கத்தினார். “கூப்பிடுங்க. நானே கூப்பிடறதா இருந்தேன்” என்றாள் அவள், நான்காவதைத் திருகிக்கொண்டே.

போலீஸ்காரர் வந்தார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அது சரி, உங்களுக்கு எதுக்கும்மா வாள்?”

கடைசியில் கூர்மையான ஆயுதத்தோடு தெருவில் நடந்து வந்ததாகச் சொல்லி அவளுடைய அலகைத்தான் எடுத்துக்கொண்டு போனார். மற்ற வாள்கள் எல்லாம் பத்திரமாகச் சுவருக்கே திரும்பின. சண்டையில் அழாதவளுக்குக் கடை வாசலில் கண் கலங்கியது; துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

சாயங்காலம் கணவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வர மனசில்லாமல்தான் வந்தார். வழியெல்லாம், “மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்” என்று அரித்துக்கொண்டே வந்தார். அதே போலீஸ்காரர்தான் மேஜையில் இருந்தார். அவள் ஆரம்பிப்பதற்குள் அவளைத் தாண்டிக் கணவரைப் பார்த்துப் பேசினார்.

“சார், உங்களைப் பாத்தா நல்ல மனுஷனாத் தெரியறீங்க. வீட்டம்மாவைக் கொஞ்சம் அடக்கி வைங்க. எடுத்துட்டுப் போங்க இதை” என்று போர்வைச் சுருட்டை அவரிடம் நீட்டினார்.

கணவர் கை நீட்டவில்லை. கிளட்சை மிதிக்காமல் கியர் போடுகிற மாணவனிடம்கூடக் குரல் உயர்த்தாத மனிதர், மேஜையில் படாரென்று ஒரு தட்டுத் தட்டினார்.

“அடக்கி வைக்கறதா? இவ என்ன தப்புப் பண்ணினா? ஏமாந்தவ இவ. எங்கக்கா நூலிழையில தப்பிச்சாங்க. வித்தவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களா நீங்க? அப்புறம் சார், வாள் என்னோடது இல்ல. அவளோடது. அவகிட்ட கொடுங்க.”

போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போர்வைச் சுருட்டை அவளிடம் கொடுத்தார். வெளியே வந்ததும் அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தாள்.

லேத் பட்டறைக்காரர் ஒருவர் அலகை வாங்கிப் பார்த்து, “வாளுக்கு வால் இல்லாம வித்துட்டானா!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பட்டையான இரும்பில் வால் செய்து, ஆழமாகப் பற்றவைத்து, புதுக் கைப்பிடி கோத்துக் கொடுத்தார். எதுக்கு என்று அவர் கேட்கவே இல்லை. அதற்காகவே அவர் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் அவள் டாக்டரிடம் பேசி முன்னுரிமை வாங்கிக் கொடுத்தாள். பிரிட்ஜ் கதவிலிருந்த ஓட்டையை நாத்தனார் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது, “எங்க வீட்ல இருக்கற கத்தியெல்லாம் ஒண்ணும் வெட்டாது. அடுத்த தடவை கொண்டுவரேன், தீட்டிக்கொடு சுண்டு” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

கோபம் மட்டும் ஆறவில்லை. இப்போதும் லீவு நாளில் அந்தக் கடைக்குள் நுழைந்துவிடுவாள். எதையும் தொடமாட்டாள், சத்தம் போடமாட்டாள். யாராவது வாளைக் கையில் எடுத்தால் பக்கத்தில் போய், “அந்தக் குமிழைக் கொஞ்சம் திருகிப் பாருங்க” என்பாள், அவ்வளவுதான். கடைக்காரர் பல்லைக் கடிப்பார். தாங்க முடியாமல் போன மாதம் ஒரு புதுப் பலகை வைத்தார்: ‘சுவரில் மாட்ட மட்டும்.’

கணவர் அதைப் பார்த்துவிட்டு, “ஜெயிச்சுட்டே சுண்டு, இனிமேலாவது விடு” என்றார்.

“என்னத்த ஜெயிச்சேன்? எழுத்து எறும்பு சைஸுல இருக்கு, அதுவும் கடிகாரத்துக்குப் பின்னாடி” என்றாள் அவள். அடுத்த லீவு நாளன்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள், பெரிதாக எழுதி முன்னால் மாட்டச் சொல்ல.