முதல் தடவை உயிர் வராத போர்டு

அந்தச் சின்ன ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். ஒரகடத்தில் நாங்கள் தயாரித்த கன்ட்ரோல் போர்டில், புரோகிராம் ஏற்றி ஓட்டும் சிப்புக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. ஓடும்போது சிப் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று லேபில் அளந்தேன். அதற்குமேல் கொஞ்சம் தாங்கும் ரெகுலேட்டராகப் பார்த்துப் போட்டேன்.

தயாரிப்பு லைனில் பாதி போர்டுகள் ஃபெயிலாயின. டெஸ்டிங்கில் இருந்த குன்றத்தூர்ப் பெண் செல்வி சொன்னாள்: "மொத வாட்டி சுவிட்ச் போட்டா உசுரே வரல சார். உடனே ஆஃப் பண்ணிப் போட்டா வந்துடுது."

"நீ புடிக்கிற புடியிலதான் போவுது," என்றேன். சூப்பர்வைசரிடமும் அதையே சொன்னேன். மறுநாள் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். போர்டுகள் அப்போதும் ஃபெயிலாயின.

சிப்பின் டேட்டா ஷீட்டில் முதல் நான்கு பக்கங்களைத்தான் பிரிண்ட் எடுத்திருந்தேன். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு மிச்சத்தையும் படித்தேன். சுவிட்ச் போட்ட கணத்தில் மட்டும் சிப் பல மடங்கு கரண்ட் கேட்குமாம்; அணைத்து உடனே போட்டால் அவ்வளவு கேட்காதாம். லேபில் நான் போர்டை அணைத்ததே இல்லை.

பெரிய ரெகுலேட்டர் போட்டதும் சரியாகிவிட்டது. பேக்கிங்குக்குப் போனேன். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே செல்வி கேட்டாள்: "இப்போ மொத வாட்டியே வருதா சார்?"

"வருது," என்றேன்.

தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே திரும்பினேன். அந்தப் போர்டைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.