கூரியர் தனி

அந்த அட்டையை நான் இருநூற்று அறுபது ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தேன். அதை எனக்கு அனுப்பி வைக்க நூற்று எண்பது ரூபாய் ஆகும் என்று ஏலக்காரர் எழுதினார். ஒற்றைத் தபால் அட்டை. ஒரு தட்டில் அதையும் மறு தட்டில் ஒரு முந்திரிக்கொத்து உருண்டையையும் வைத்தால் முந்திரிக்கொத்து இருக்கும் தட்டுதான் கீழே போகும்.

முந்திரிக்கொத்தைச் சொல்லக் காரணம் உண்டு. நாகர்கோவிலில் ஒரு பலகாரக் கடையில் பார்சல் கட்டுவது என் வேலை. பத்தொன்பது வருடமாகக் கட்டுகிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கிருந்து போகும் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸும் அச்சுமுறுக்கும் என் கை பட்டுத்தான் போகும். எந்த ஊருக்கு எத்தனை கிலோவுக்கு என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் யாரும் கேட்பதில்லை. ஆட்களோடு பேசுவது முதலாளி. நான் கடையின் பின்கட்டில் இருப்பவள். முன்னால் வந்து நின்று இரண்டு வார்த்தை பேசு என்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்க எழுப்பினாலும் இதே கதைதான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றபோது வீட்டில் எல்லாரும் வருத்தப்பட்டார்கள். இனி யாரும் நம்மை எழுப்பி நிறுத்த மாட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பெட்டியை ஒட்டி முடித்த பிறகு வாங்குகிறவர் கண்முன்னால்தான் தராசில் வைக்க வேண்டும். எந்த ஊருக்கு என்ன கூலி என்று சுவரில் பலகை தொங்குகிறது. அட்டைப் பெட்டிக்கும் கட்டுவதற்கும் சேர்த்து இருபது ரூபாய் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த இருபதில்தான் என் சம்பளமும் இருக்கிறது. ஆகவே கட்டுகிறவர் கூலி வாங்கக் கூடாது என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன்.

இனி என் பைத்தியத்தைச் சொல்கிறேன். ஒரு தடவை கடைக்குப் பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய காகிதக் கட்டில் ஒரு தபால் உறை கிடந்தது. தபால்தலையில் தலைவர் படம் இல்லை, ஒரு சங்கு இருந்தது. இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் ராஜ்யத்துக்கென்று தனித் தபால் ஓடியது. அதற்கு அஞ்சல் என்று பெயர். அந்த அஞ்சலின் அடையாளம்தான் சங்கு. உறையின் மேல் அடித்திருந்த வட்ட முத்திரையில் கொட்டாரம் என்று எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். கொட்டாரம், தக்கலை, இரணியல், குளச்சல், குழித்துறை என்று நம்முடைய ஊர்களின் முத்திரை பதிந்த உறைகளையும் அட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நெய்யூர் மட்டும் கிடைக்கவில்லை. நான் பிறந்தது நெய்யூர் ஆஸ்பத்திரியில். அதனால் அந்த ஒன்று இல்லாதது உறுத்திக்கொண்டே இருந்தது.

இவையெல்லாம் கிடைக்கிற இடம் செல்போனில் ஒரு குழு. வடக்கே ஏதோ ஊரில் இருக்கும் ஏலக்காரர் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஏலம். வேதக்கோவிலில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார எனக்கு வசதியான நேரம். அவர் படத்தைப் போடுவார். ஒரு ரூபாயில் தொடங்கும். வேண்டியவர்கள் தொகையை எழுதிக்கொண்டே போக வேண்டும். யாரும் மேலே கேட்காமல் இரண்டு நிமிடம் போனால் சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவார். பேச்சு என்பதே கிடையாது, வெறும் எண்தான். என்னைப் போன்றவளுக்கு இதைவிட நல்ல சந்தை ஏது? என் படத்துக்குப் பதில் சங்குப் படம் வைத்திருந்ததால் எல்லாரும் என்னை ஆண் என்று நினைத்து 'கன்னியாகுமரி அண்ணாச்சி' என்றார்கள். நான் திருத்தவில்லை.

ஒவ்வொரு படத்தின் கீழேயும் 'கூரியர் தனி' என்று இருக்கும். எவ்வளவு என்று இருக்காது. சுத்தியல் விழுந்த பிறகுதான் மொத்தத் தொகை தனிச் செய்தியாக வரும். ஏலத்தில் கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் குழுவைவிட்டு நீக்கிவிடுவார்கள் என்பது விதி. அதாவது, இனிப் பின்வாங்க முடியாது என்று ஆன பிறகுதான் விலையின் மறுபாதியைச் சொல்வார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நூற்றைம்பது. கூரியர் என்று பெயரே தவிர, வந்து சேர்வது தபாலில். ஒரு வாரம் மூன்று பொருள் எடுத்தேன். மூன்று தடவை நூற்றைம்பது வாங்கினார். மூன்றும் ஒரே உறையில் வந்தன. அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படி இருக்கையில்தான் நெய்யூர் வந்தது. எட்டுக் காசு என்று விலை அச்சடித்த அட்டை. முத்திரை சுத்தமாக விழுந்திருந்தது. மறுபக்கத்தின் படமும் போட்டிருந்தார். தமிழில் எழுதியிருந்தது: 'எனக்குச் சுகம். காய்ச்சல் விட்டது. வியாழக்கிழமை வண்டி அனுப்பவும். பயப்பட வேண்டாம்.' ஆஸ்பத்திரியில் கிடந்த யாரோ வீட்டுக்கு எழுதியது. விலாசத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டாரம். நெய்யூரில் போட்டு எங்கள் ஊருக்கு வந்த அட்டை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தக்கலைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும், விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தார். இருநூற்றைம்பதில் அவர் நின்றார். இருநூற்று அறுபதில் எனக்காகச் சுத்தியல் விழுந்தது.

உடனே செய்தி வந்தது. கூரியர் நூற்று எண்பது. பழைய சரக்கு, கவனமாகக் கட்டணுமாம்.

வழக்கம்போல 'சரி' என்று எழுதினேன். அனுப்பவில்லை. அழித்தேன்.

மறுநாள் கடையில் என்னோடு பார்சல் கட்டுகிறவளிடம் சொன்னேன். என் வயதுதான், வாய் மட்டும் என்னைப் போல நாலு மடங்கு.

"ஏட்டி, ஒத்த அட்டைக்கு நூத்தியெம்பதா? அந்தக் காசுக்கு நாம துபாய்க்காரனுக்க வீட்டுக்கு அரைக்கிலோ சிப்ஸ் அனுப்புவமே!"

"துபாய்க்கு அந்தக் காசுக்குப் போவாது. பெங்களூருக்குப் போவும்."

"இந்தக் கணக்கெல்லாம் எனக்கிட்ட கரெக்டா சொல்லுத. அவன்கிட்டக் கேட்டியா?"

"எப்பிடிக் கேக்க? கட்டுற கூலி, தபாலாபீசுக்கு நடக்குற கூலின்னு சொல்லுவாரு."

"தபாலாபீசுல அவனுக்கு எவ்வளவு ஆச்சுன்னு நமக்குத் தெரிஞ்சாத்தான கேக்க முடியும். அது அவனுக்குல்லா தெரியும். நீ பேசாமக் குடுத்துட்டு வாயப் பொத்திட்டு இரு மக்கா, அதுதான ஒனக்கு நல்லா வரும்."

அவள் கேலியாகச் சொன்னதுதான். எனக்குக் கை ஒட்டுநாடாவோடு நின்றுவிட்டது. தபாலாபீசில் அவருக்கு எவ்வளவு ஆனது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லையே. உறை சேர்க்கிறவளுக்கு உறை அனுப்பியிருக்கிறார். உறை சேர்க்கிறவள் எந்த உறையையாவது தூரப் போடுவாளா?

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அவரிடமிருந்து வந்த பதினொரு உறையும் இருந்தன. ஒவ்வொன்றிலும் தபால் நிலையத்தில் ஒட்டிய சீட்டு. எடையும் கட்டணமும் அச்சாகியிருந்தன. பதினொன்றில் ஒன்றுகூட ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. மூன்று பொருள் சேர்ந்து வந்ததும் தாண்டவில்லை.

பதினொன்றையும் தரையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன். எழுத ஒரு மணி நேரம் ஆனது. 'ஐயா, கட்டுகிற கூலி வாங்குங்கள். நானும் பார்சல் கட்டிப் பிழைக்கிற ஆள்தான். ஆனால் எவ்வளவு என்று ஏலத்துக்கு முன்பே படத்தின் கீழே எழுதுங்கள். அஞ்சலட்டையிலேயே எட்டுக் காசு என்று அச்சடித்துத்தான் அந்தக் காலத்தில் விற்றார்கள். எழுதுவதற்கு முன்பே செலவு என்னவென்று எழுதுகிறவருக்குத் தெரியும்.'

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குழு கொதித்துக் கிடந்தது.

'அண்ணாச்சி ஊர்ல இன்னைக்கு வெயில் ஜாஸ்தி போல' என்று ஒருவர். 'ஒரு ரூபாய்க்குப் பொருள் வேணும், வண்டிக்கூலி மட்டும் அடுத்தவன் குடுக்கணுமா?' என்று ஒருவர். 'பஸ் ஏறி நேர்ல வந்து வாங்கிக்கங்க சார்' என்று இன்னொருவர். ஏலக்காரர் நிதானமாகத்தான் எழுதினார். 'நான் எல்லாத்தையும் ஒரு ரூபாய்ல தொடங்குறேன். எத்தனையோ பொருள் நட்டத்துல போகுது. கூரியர் உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். அதை மனசுல வச்சுத்தானே விலை கேக்குறாங்க?'

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நட்டத்தில் விற்றதை எங்காவது பிடிக்கத்தான் பார்ப்பார்கள். நூற்று எண்பது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அதைக் கழித்துக்கொண்டு நூற்றைம்பதோடு நிறுத்தியிருப்பேன். அல்லது, நெய்யூர் ஆயிற்றே என்று நானூறுகூடக் கேட்டிருப்பேன். அது என் இஷ்டம், என் காசு. ஐந்நூறு என்று எழுதி வைத்தாலும் எனக்கு வழக்கு இல்லை. வேண்டாம் என்று எழுந்து போவேன். எழுந்து போக வழி இல்லாத இடத்தில் வைத்துச் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. இதையெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. இரண்டே வரி எழுதினேன். 'மனசில் வைத்துக் கேட்க, போன வாரம் நூற்றைம்பது, இந்த வாரம் நூற்று எண்பது. மனசில் எதை வைப்பது? மூன்று பொருள் ஒரே உறையில் வந்ததே, அந்த உறைக்கு ஏன் மூன்று கூலி?'

நான் நீக்கப்பட்டேன் என்ற அறிவிப்புத்தான் பதிலாக வந்தது.

அடுத்த நாள் மதியம், கடையில் சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போது போன் அடித்தது. ஏலக்காரர். என் குரலைக் கேட்டதும் தடுமாறினார்.

"சார் இல்லைங்களா? போனை அவர்கிட்டக் குடுங்கம்மா."

"நான்தான்."

"எந்த நான்?"

"கன்னியாகுமரி அண்ணாச்சி."

பக்கத்தில் இருந்தவளுக்குப் புரையேறிவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, பொம்பளைங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் தனியாவே பேசி முடிச்சிருப்பேனுங்க. குரூப்புல இத்தனை பேர் முன்னாடி அசிங்கமாப் போச்சு. ஒண்ணு பண்ணுங்க. திரும்பச் சேக்குறேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், ஸாரின்னு ஒரு வரி போட்டுடுங்க. அந்த நெய்யூர் கார்டு உங்களுக்குத்தான். கூரியரே வேண்டாம். ஃப்ரீ."

நெய்யூர் அட்டை. நான் பிறந்த ஊரிலிருந்து நான் இருக்கிற ஊருக்கு வந்தது. இன்னொன்று இப்படி வருமா? ஒரு வரி எழுதினால் போதும். எத்தனை ஸாரி சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் என் காலை மிதித்தவர்களிடம்கூட நான்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் கூலியைக் குறைக்கவில்லை. அதைக் காசுக்குப் பதில் ஸாரியாகக் கேட்கிறார். அந்த அட்டையைப் பிறகு எப்போது எடுத்துப் பார்த்தாலும் 'பயப்பட வேண்டாம்' என்று எழுதியிருக்கும். நானோ பயந்துதான் அதை வாங்கியிருப்பேன்.

"நான் ஃப்ரீயாக் கேக்கலியே," என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "இருநூத்தி அறுபது தாரேன். தபால் சீட்டுல என்ன இருக்கோ அதத் தாரேன். கட்டுனதுக்கு இருபது தாரேன், எங்க கடையில அதுதான் ரேட்டு. ஸாரி இல்ல."

"அப்ப கார்டு அடுத்த ஆளுக்குப் போயிருமுங்க."

"போட்டும்."

போனை வைத்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் என் பொதியிலிருந்து மீன் துண்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, பத்தொம்பது வருசமா இந்தக் குரல எங்க வச்சிருந்த?"

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. முற்றத்தில் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தேன். நாலு மணி வாக்கில் தக்கலைக்காரர் கூப்பிட்டார். நான் பெண் என்ற செய்தி அதற்குள் குழு முழுக்கப் பரவியிருந்தது போல.

"அம்மா, அந்த நெய்யூர் கார்டு எனக்கு வந்து சேந்துது கேட்டியளா. கொள்ளாம், நல்ல கார்டு. உங்களுக்குத் தரலாம்னு ஒரு நிமிசம் நெனச்சேன். பின்ன மனசு வரல்ல. எனக்கும் நெய்யூர் இல்லாம இருந்தது."

அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "நீங்க தந்தாலும் நான் வாங்க மாட்டேன் சார். கூரியர் எவ்வளவு போட்டாரு?"

"அறுவது. மொதல்லயே சொல்லிட்டாரு. இன்னைக்கு ஏலத்துல எல்லாப் படத்துக்குக் கீழயும் எழுதிட்டாரு, கூரியர் அறுவது, எத்தன எடுத்தாலும் ஒரே அறுவதுன்னு. உங்களத் திரும்பச் சேக்கணும்னு ரெண்டு மூணு பேரு கேட்டோம். அதுக்கு மட்டும் ஆள் வாய் தொறக்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமை பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். அன்றைக்குப் பேசினேன்.

"அந்த அறுவது நான் வாங்கித் தந்ததாக்கும் சார். அட்டையப் பாக்கும்போ அதையும் நெனச்சுக்கணும்."

"நெனைக்காம பின்ன? ஒரு நா தக்கல வந்தா வீட்டுக்கு வாங்க. காட்டித் தாரேன்."

போகவில்லை இன்னும். போவேன். ஆல்பத்தில் நெய்யூருக்கு விட்ட இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. பதினொரு உறையும் டின்னில் பத்திரமாக இருக்கின்றன.