மெலினாவுக்கு ஒரு ஜெபக்குறிப்பு

அம்மாவின் வயிற்றில் இருந்த கட்டியை எடுக்க டாக்டர் திங்கட்கிழமை என்று நாள் குறித்திருந்தார். ரத்தம் குறைவு என்று புதன்கிழமையே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் முன்னறையில் அப்பாவும் நானும் ஒரு மாயாஜாலக் கதைக்குள் புகுந்துகொண்டோம். அப்பா என் வயதில் படித்த பழைய ஆங்கில நாவல் அது. ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல் ஒரு பத்தி படிப்பார், பிறகு அதைத் தமிழில் சொல்வார்.

கதையில் மெலினா என்று ஒருத்தி. ஊரே நோயில் விழுந்து கிடக்க, மருந்துநீர் கொண்டுவரப் பனிக்காட்டுக்குள் தனியாகப் போகிறாள். காட்டு வாசல்வரை கூட வந்த காவல்காரன் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறான். அவனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுத்த பயந்தாங்கொள்ளி" என்றேன்.

"உள்ள போக அவனுக்கு பர்மிஷன் இல்லம்மா. வெளிய நிக்கிறதும் ஒண்ணும் சும்மா இல்ல" என்று அப்பா அவனுக்கு வக்கீல் வேலை பார்த்தார். மெலினா காட்டுக்குள் நுழைந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். மிச்சத்தை அம்மா வந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து படிக்கலாம் என்றார். எனக்கோ பள்ளிக்கூடத்தில்கூட மெலினா ஞாபகம்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சர்ச் ஆன்ட்டிகள் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்வார்கள். ஒருத்தருக்கு மகனின் விசா, இன்னொருத்தருக்கு மருமகளின் பிரசவம். பிள்ளைகளையும் கேட்பது வழக்கம். அம்மாவைப் பற்றிப் பெரியம்மா எப்படியும் சொல்வாள் என்று நம்பி, என் முறை வந்ததும், "மெலினாவுக்கு ஜெபம் பண்ணணும். தனியா போயிருக்கா. இன்னும் வரல" என்றேன்.

எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு மெலினா இருப்பார்கள்.

"யாரு, பேக்கரிக்கு எதிர்வீட்டு மெலினாவா?" என்றார் ஒரு ஆன்ட்டி.

"போன சண்டேகூட கொயர்ல பாடினாளே" என்றார் இன்னொருவர்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டத்தை நடத்தும் ஆன்ட்டி முழங்காலிட்டு, வழி தெரியாமல் போன பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவரும்படி கர்த்தரிடம் மன்றாட ஆரம்பித்தார். எல்லோரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். கூட்டம் என்றாலே டீ போடும் சாக்கில் அடுப்படிக்கு நழுவிவிடும் அப்பா, அன்று சுவரோரம் நின்று, எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னார்.

அம்மாவுக்கு ஜெபம் பண்ணும் முறை வருவதற்குள், பெரியம்மா போட்டு வைத்திருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படுத்த, இரண்டே வரியில் ஜெபம் முடிந்துவிட்டது. அத்தனை கண்ணீரும் கதையில் வரும் ஒருத்திக்குப் போய்விட்டது, அம்மாவுக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான். திங்கட்கிழமை ஏதாவது ஆகிவிட்டால் அது என்னால்தான் என்று பயந்து செத்தேன். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கொண்டுவந்த பிரியாணியை நான் தொடவே இல்லை.

திங்கட்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே அதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்பா, ஆன்ட்டிங்க அழுததெல்லாம் மெலினாவுக்குப் போயிடுச்சு. அத திருப்பி வாங்க முடியாதா?"

அப்பா கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும்மா. அவளுக்கும் வேணும்ல" என்றார். குரல் கரகரத்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

அம்மா நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து, அவள் கட்டிலில் மூன்று பேரும் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து படித்தோம். மருந்துநீர் ஊருக்கு வந்து சேர்ந்தது. மெலினா வரவில்லை. காட்டிலேயே இறந்துபோனாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ சத்தமா ஆமென் சொன்னீங்க?"

அப்பா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போகிறவள் என்று தெரிந்தே அவளுக்கு வீணாக்கிய அந்த ஆமெனை அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாமே என்று, இரண்டு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை.